இரண்டாம் பாகத்தின் சிக்கல்: நூல்வழி வந்த மிகைபுனைவுப் படங்களை ரசிகர்கள் ஏற்பதும் மறுப்பதும்

நாவலைத் தழுவிய மிகைபுனைவுப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வெளியான வாரத்தில் எழும் கருத்துகளைத் தொகுத்துப் படித்தால், அவை அனைத்தும் ஒரே படத்தைப் பற்றியவைதாமா என்ற ஐயம் எழும். நூலைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஒருவர் வருந்துவார். நூலை இவ்வளவு ஒட்டி எடுத்ததால்தான் படம் நகரவே இல்லை என்று மற்றொருவர் குறைபடுவார். முதல் பாகத்தில் இருந்த இனிமை போய்விட்டது என்பார் மூன்றாமவர். அவருடன் சேர்ந்து பார்த்த நண்பரோ, முதல் பாகத்தைவிட இதுவே முதிர்ச்சியான படம் என்பார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம் என்றாலும், அப்படி ஒதுக்கினால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகும். இவர்கள் ஒவ்வொருவரும் படத்தை வெவ்வேறு ஒன்றோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பது தெரிந்தால், எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிக்க மறுக்கிறார்கள் என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

தழுவல் கலையைப் பற்றி 2006-இல் விரிவாக எழுதிய கனடா நாட்டு ஆய்வாளர் லிண்டா ஹட்சியன், மூலத்தை அறிந்த பார்வையாளர், அறியாத பார்வையாளர் என்று இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். மூலத்தை அறிந்தவர் திரையில் ஓடும் காட்சிக்குப் பின்னால் நூலின் காட்சியையும் சேர்த்தே பார்க்கிறார். அறியாதவருக்குத் திரையில் உள்ளது மட்டுமே கதை. முதல் படத்துக்கு இந்தப் பிரிவினை போதுமானது. இரண்டாம் பாகத்துக்கு வரும்போது மூன்றாவது ஒரு வகையினர் சேர்ந்துவிடுகிறார்கள்: நூலைப் படிக்காதவர்கள், ஆனால் முதல் படத்தையே மூலநூலாக மனத்தில் ஏற்றுக்கொண்டவர்கள். எண்ணிக்கையில் பெரும்பாலும் இவர்களே மிகுதி. நூல் வாசகருக்குள்ள அதே உரிமையுணர்வு இவர்களுக்கும் உண்டு. அந்த உலகம் எப்படி இருக்க வேண்டும், அதில் யார் எப்படிப் பேச வேண்டும் என்பதை முதல் படம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆக, இரண்டாம் பாகத்தை எடுப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு மூலங்களுக்குக் கட்டுப்பட்டவராகிறார். அந்த இரண்டு மூலங்களும் தமக்குள் உடன்படாத இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 2008 மே மாதம் வெளியான, நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிய வரிசையின் இரண்டாம் படமான 'பிரின்ஸ் கேஸ்பியன்'. சி. எஸ். லூயிஸ் 1951-இல் வெளியிட்ட நூல் அதன் மூலம். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த முதல் நூலைத் தழுவிய படம் 2005 டிசம்பரில் வந்தது. இரண்டு படங்களையும் இயக்கியவர் ஆண்ட்ரூ ஆடம்சன். கதையின் மையமான நான்கு உடன்பிறப்புகளாக நடித்த சிறுவர்களும் அவர்களே. வெளித்தோற்றத்தில் எல்லாத் தொடர்ச்சியும் இருந்தது. ஆயினும் உலக அளவில் 74 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய முதல் படத்தின் வசூல், இரண்டாம் படத்தில் ஏறக்குறைய 42 கோடி டாலராகக் குறைந்தது. அமெரிக்கச் சந்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் 29 கோடியிலிருந்து 14 கோடியாக, அதாவது பாதியாகச் சரிந்தது. தயாரிப்புச் செலவோ முதல் படத்தைவிடக் கூடுதல். அந்த ஆண்டின் இறுதியிலேயே டிஸ்னி நிறுவனம் வரிசையிலிருந்து விலகிக்கொள்ள, மூன்றாம் படம் வேறொரு நிறுவனத்தின் துணையோடு 2010-இல்தான் வெளிவந்தது.

இந்தச் சரிவுக்கு நூலிலிருந்து விலகியதே காரணம் என்று வாசகர்கள் பலர் அன்று உறுதியாக நம்பினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய மாற்றங்கள் கற்பனையானவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், மூலநூலின் கட்டமைப்பு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நூலில் பெவென்சி உடன்பிறப்புகள் நால்வரும் இடிந்துபோன ஒரு கோட்டைக்கு அருகே வந்து விழுகிறார்கள். அது தாங்கள் முன்பு அரசாண்ட கெய்ர் பாராவெல் என்பதை மெல்ல மெல்லக் கண்டறிகிறார்கள். பிறகு ட்ரம்ப்கின் என்ற குள்ளன் வந்து, இளவரசன் கேஸ்பியனின் கதையைச் சில அத்தியாயங்கள் நீளத்துக்கு அமர்ந்து சொல்கிறான். கேட்பவர்களோடு சேர்ந்து வாசகரும் கேட்கிறார். படிக்கும்போது இது மிக இதமான உத்தி. திரையிலோ, முதன்மைப் பாத்திரங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, அரை மணி நேரம் வேறொருவரின் கடந்தகாலம் ஓடும். எந்த இயக்குநரும் இதை அப்படியே எடுத்திருக்க முடியாது. எனவே படம், கேஸ்பியனுக்குரிய அரியணையைப் பறித்துக்கொண்ட மிராஸுக்கு அரண்மனையில் ஆண்குழந்தை பிறக்கும் இரவிலும் அதே இரவில் கேஸ்பியன் உயிர்தப்பி ஓடுவதிலும் தொடங்குகிறது. நிகழ்வுகளை இப்படிக் கால வரிசையில் அடுக்கியது சரியான முடிவு என்பதே என் கருத்து. நூலை நேசித்தவர்களும் இதைப் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்களை உறுத்தியவை வேறு. நூலில் இல்லாத ஓர் இரவுத் தாக்குதல் படத்தின் நடுவே வருகிறது. நால்வரில் மூத்தவனான பீட்டர், கேஸ்பியனின் தயக்கத்தை மீறி, மிராஸின் கோட்டைக்குள் புகுந்து தாக்கத் திட்டமிடுகிறான்; திட்டம் குலைகிறது; பின்வாங்கும்போது கோட்டை வாயிலின் இரும்புக் கதவு கீழே இறங்குகிறது. காளைத்தலையன் ஒருவன் அதைத் தோளில் தாங்கி நிறுத்த, சிலர் மட்டும் வெளியேறுகிறார்கள். அவன் சாய்ந்ததும் கதவு விழுகிறது. கம்பிகளுக்கு அப்பால் சிக்கிக்கொண்ட தன் வீரர்களைப் பீட்டர் திரும்பிப் பார்க்கிறான். தனித்துப் பார்த்தால் இது படத்தின் மிக வலுவான காட்சிகளுள் ஒன்று. இசையும் ஒளியும் நடிப்பும் குறைவற்றவை. நூல் படிக்காத பலருக்கு மனத்தில் தங்கிய காட்சியும் இதுதான்.

ஆனால் நூலின் பீட்டர் இப்படிப்பட்டவன் இல்லை. கேஸ்பியனைச் சந்தித்த உடனே, உன் இடத்தைப் பறிக்க வரவில்லை, உன்னை அதில் அமர்த்தவே வந்திருக்கிறேன் என்ற பொருள்படப் பேசுபவன் அவன். படத்தில் இருவருக்கும் இடையே தலைமைப் போட்டி நிகழ்கிறது. தொடக்கத்திலேயே லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் பீட்டர் சக மாணவர்களோடு கைகலப்பில் இறங்குகிறான். ஒருமுறை அரசனாக இருந்துவிட்டு மீண்டும் பள்ளிச் சிறுவனாக நடத்தப்படுவதன் கசப்பு அது. உளவியல் அடிப்படையில் இது நம்பத்தக்க விரிவாக்கம்தான். இருப்பினும், தாக்குதலில் மாண்ட அத்தனை பேருக்கும் பீட்டரின் தன்முனைப்பு பொறுப்பாகிவிடுகிறது. நூலைப் படித்தவர் கண்ணுக்கு, ஒரு நிகழ்ச்சி கூடுதலாகச் சேர்ந்தது மட்டுமாக இது தெரியாது. தான் நன்கறிந்த ஒருவன் மீது அவன் செய்யாத பிழை சுமத்தப்பட்டதாகத் தெரியும். அதுபோலவே பீட்டரின் தங்கை சூசனுக்கும் கேஸ்பியனுக்கும் இடையே காதல் துளிர்த்து, இறுதியில் முத்தத்தோடு விடைபெறும் காட்சி. நூலில் சிறுவனாக வரும் கேஸ்பியனாக இருபதுகளின் நடுவில் இருந்த பென் பார்ன்ஸ் நடித்ததால் இந்தத் திருப்பம் எளிதாயிற்று. வாசகர்கள் இதை வெறும் வணிகச் சேர்க்கை என்றனர். நூல் படிக்காதவர்களில் சிலருக்கும்கூட, முன்னும் பின்னும் ஆதரவில்லாமல் வந்து நின்ற முத்தமாகவே அது தோன்றியது.

இங்கே ஒரு கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் படத்தைப் பார்த்த அமெரிக்கப் பார்வையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் படத்துக்கு வரவில்லை. வராதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வெறுத்தவர்கள் அல்லர், பார்க்கவே வராதவர்கள். ஏழு நார்னியா நூல்களில் முதல் நூலின் புகழுக்கு மற்றவை ஈடாகா. இரண்டாம் நூலைப் படித்து, மாற்றங்களை அறிந்து, சினந்து ஒதுங்கும் அளவுக்கு நெருக்கமான வாசகர்கள் இவ்வளவு பெரிய தொகையினராக இருந்திருக்க முடியாது. முதல் படம் டிசம்பர் விடுமுறையில், பனிப்பொழிவும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வரும் குடும்பப் படமாக அமைந்தது. இரண்டாம் படமோ மே மாதத்தில், 'அயர்ன் மேன்' வந்து இரண்டு வாரம் கழித்தும் 'இண்டியானா ஜோன்ஸ்' வருவதற்குச் சில நாள்கள் முன்பும், வாளும் வில்லுமாக விளம்பரப்படுத்தப்பட்டு வந்தது. முதல் படத்தை மூலநூலாகக் கொண்டிருந்த மூன்றாம் வகையினர், தாங்கள் விரும்பிய உலகத்தை அந்த விளம்பரத்தில் அடையாளம் காணவில்லை. அலமாரிக் கதவுக்கு அப்பால் பனியும் தெருவிளக்கும் காத்திருக்கும் வியப்புதான் அவர்களுக்கு நார்னியா. இரண்டாம் கதையிலோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்து, அந்த நார்னியா அழிந்துவிட்டது; பேசும் விலங்குகள் காட்டில் ஒளிந்து வாழ்கின்றன. இந்த இழப்பு லூயிஸின் நூலிலேயே உள்ளது. ஆக, ஒரு சாரார் நூலிலிருந்து விலகியதற்காக வருந்தினார்கள் என்றால், அதைவிடப் பெரிய சாரார் நூலின் துயரத்தை ஓரளவு உண்மையாகவே எடுத்ததற்காக ஒதுங்கினார்கள் என்றும் சொல்ல இடமிருக்கிறது. எதிரெதிரான இந்த இரண்டு காரணங்களும் ஒரே வசூல் எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. வசூலைக் கொண்டு ரசிகர் மனத்தை அளப்பதில் உள்ள குறை இதுவே.

விலகல் எப்போதும் வசூலைக் கெடுக்கும் என்று சொல்வதற்கில்லை என்பதற்கு, 2002 டிசம்பரில் வந்த 'தி டூ டவர்ஸ்' சான்று. டோல்கீன் எழுதிய 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' பெருநாவலின் நடுப்பகுதியை அடிப்படையாகக் கொண்டு பீட்டர் ஜாக்சன் இயக்கிய இப்படம், முதல் பாகத்தைவிடக் கூடுதலாக ஈட்டியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. நூலிலிருந்து அது விலகிய இடங்களோ ஏராளம். நூலில் ஒரே அத்தியாயமாக உள்ள ஹெல்ம்ஸ் டீப் போர், படத்தின் உச்சக்கட்டமாகப் பெருகியது. நூலில் அங்கே வராத, எல்ஃப் என்னும் கற்பனை இனத்துப் படையினர் துணைக்கு வந்து நின்றார்கள். ஷீலோப் என்னும் பெருஞ்சிலந்தியின் பகுதி மூன்றாம் படத்துக்குத் தள்ளிப்போயிற்று. அரகார்ன், ஃப்ரோடோ இருவரின் பயணங்களையும் நூல் தனித்தனிப் பகுதிகளாக வைத்திருக்க, படம் அவற்றை மாற்றி மாற்றிக் கோத்தது. இவற்றைப் பெரும்பாலான வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்; எல்ஃப் படை வந்து அணிவகுக்கும் காட்சியில் மகிழ்ந்த வாசகர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விவாதத்தில் இருக்கிறது: ஃபாராமிர்.

நூலில் ஃபாராமிர் என்னும் படைத்தலைவன், அழிப்பதற்காக ஃப்ரோடோ சுமந்து செல்லும் மந்திர மோதிரம் தன் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதை அறிந்தும் அதை விரும்பாதவன். அவன் அண்ணன் போரோமிர் முதல் பாகத்தில் அதே மோதிரத்துக்கு ஆசைப்பட்டு வீழ்ந்தவன் என்பதால், தம்பியின் மறுப்புக்குப் பெரும் எடை சேர்கிறது. படத்தில் ஃபாராமிர் மோதிரத்தைத் தந்தையிடம் ஒப்படைக்க எண்ணி, ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் சிறைப்படுத்தி ஆஸ்கிலியாத் நகர்வரை இழுத்துச் செல்கிறான். திரைக்கதை ஆசிரியர்கள் இதற்குச் சொன்ன காரணம் வலுவானது. முதல் பாகம் முழுக்க, இந்த மோதிரம் யாரையும் கெடுக்க வல்லது என்று அச்சுறுத்திவிட்டு, நடுவழியில் ஒருவன் எளிதாக அதைப் புறந்தள்ளினால், அந்த அச்சமே பொய்யாகிவிடும். அதோடு, ஷீலோப் பகுதி தள்ளிப்போனதால் ஃப்ரோடோவின் கிளைக்கதைக்கு இந்தப் படத்தில் வேறு ஓர் உச்சம் தேவைப்பட்டது. நூல் படிக்காதவர்களுக்கு இந்த ஃபாராமிரிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. தயங்கிப் பின் திருந்தும் மனிதனாக அவனை அவர்கள் விரும்பவே செய்தார்கள்.

திரைக்கதையாளரின் காரணத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் வாசகரின் மனக்குறையும் நியாயமானதே. ஃபாராமிர் மோதிரத்தை விட்டுவிடும் இடத்தை உற்றுப் பார்த்தால், அவன் மனம் எதனால் மாறியது என்பது தெளிவாக இல்லை. இடிந்த நகரத்தின் மேல் பறக்கும் நாஸ்கூல் என்னும் எதிரியின் ஏவலன் முன் ஃப்ரோடோ தன்னை மறந்து மோதிரத்தை நீட்டுகிறான். சாம் அவனைத் தள்ளிக் காப்பாற்றுகிறான். பிறகு சாம் உருக்கமாகப் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்த ஃபாராமிர் இருவரையும் விடுவிக்கிறான். மோதிரத்தைச் சுமப்பவன் அதை எதிரியிடம் கொடுக்க இருந்ததைக் கண்ணால் கண்ட ஒரு படைத்தலைவன், இனி இவனை நம்பக்கூடாது என்றுதான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு வெளியான நீட்டிக்கப்பட்ட பதிப்பில் ஃபாராமிர், அவன் அண்ணன், தந்தை மூவரும் இடம்பெறும் பின்கதைக் காட்சி சேர்க்கப்பட்டது. தந்தையின் அன்புக்கு ஏங்கும் மகன் என்ற கோணம் கிடைத்ததும், அவன் ஏன் மோதிரத்தைக் கொண்டுசெல்ல நினைத்தான் என்பது விளங்கியது. எதிர்த்த வாசகர்களில் சிலர் அந்தப் பதிப்பைக் கண்டபின் தணிந்தார்கள். மாற்றம் அப்படியேதான் இருந்தது; மாற்றத்துக்கான உள்நோக்கம் மட்டும் புலப்பட்டது.

பீட்டரையும் ஃபாராமிரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாசகர்களின் சினம் எங்கே பிறக்கிறது என்பது துலங்கும். அத்தியாயங்கள் குறைக்கப்படுவதை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். போர்கள் பெரிதாவதை, வரிசை மாறுவதை, சிறிய பாத்திரங்கள் காணாமற்போவதை வருத்தத்தோடு கடந்துவிடுகிறார்கள். ஒரு மனிதர் தன் வாழ்வின் முக்கியமான தருணத்தில் எடுக்கும் முடிவை மாற்றினால் மட்டும் பொறுப்பதில்லை. மிகைபுனைவில் இது இன்னும் கூர்மையாவதற்குக் காரணம் உண்டு. அந்த உலகத்தின் நிலமும் மொழியும் உயிரினங்களும் கற்பனை. வாசகர் கால் ஊன்றி நிற்பது அந்தப் பாத்திரங்களின் நேர்மையிலும் துணிவிலும் தடுமாற்றத்திலும்தான். அதையும் அசைத்தால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

இதற்கு இன்னும் கடுமையான சான்று மிகைல் எண்டேயின் ஜெர்மன் நாவலான 'நெவர் எண்டிங் ஸ்டோரி'. 1979-இல் வந்த அந்நூலின் முற்பாதியை மட்டுமே 1984-இல் வெளியான முதல் படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தையே ஏற்காத எண்டே நீதிமன்றம் வரை சென்று தோற்றார். 1990-இல் வந்த இரண்டாம் படம் பிற்பாதியிலிருந்து சில இழைகளை எடுத்தது. நூலில் பாஸ்டியன் என்னும் சிறுவன் தன் விருப்பங்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொள்கிறான். ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நினைவை இழக்கிறான். செருக்கேறி, பேரரசனாக முயன்று, உற்ற நண்பனையே காயப்படுத்துகிறான். வலியையும் வெட்கத்தையும் வாசகர் அவனோடு சேர்ந்தே சுமக்க வேண்டிய பகுதி அது. படத்தில் நினைவிழப்பு ஒரு சூனியக்காரியின் எந்திரம் செய்யும் வேலையாகிறது. சிறுவன் குற்றமற்றவன், ஏமாற்றப்பட்டவன். நூலின் முழு எடையும் அந்த ஒரு மாற்றத்தில் கரைந்துபோயிற்று. முதல் படத்தைக் கண்டு வளர்ந்த குழந்தைகளுக்கோ, பழகிய முகங்கள் மாறி, புதிய சிறுவர்கள் நடித்ததே முதல் ஏமாற்றம். படம் இரு தரப்பையும் இழந்தது.

நினைவில் பதிந்த முகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். முதல் படத்தைப் பார்த்தபின் நூலை மறுமுறை படிப்பவருக்கு நடிகரின் முகமே கண்முன் வருகிறது. எனவே இரண்டாம் பாகத்துக்கு வரும் வாசகரின் மனத்திலும் தூய நூல் என்று ஒன்று இல்லை. நூலும் முதல் படமும் ஏற்கனவே கலந்துவிட்டன. ஹாரி பாட்டர் படங்களில் மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-இல் மறைந்தபின் மைக்கேல் கேம்பன் அந்த வேடத்தை ஏற்றார். நான்காம் படத்தில், தீக்கிண்ணத்தில் பெயரைப் போட்டாயா என்று ஹாரியைக் கேட்கும் இடம் நூலில் அமைதியாக நிகழும். படத்தில் தலைமையாசிரியர் பாய்ந்துவந்து சிறுவனின் தோள்களைப் பற்றி உலுக்குகிறார். சில நொடிகளே ஓடும் அந்தக் காட்சியை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. அவர்களது மனக்குறை நூலிலிருந்து மட்டும் வந்ததில்லை. முதல் இரு படங்களில் ஹாரிஸ் காட்டிய மென்மையும் அதில் கலந்திருக்கிறது.

நூல் வாசகர்களே தழுவலின் இயல்பான எதிரிகள் என்ற எண்ணம் திரைத்துறையில் பரவலாக உண்டு. ஆய்வுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' வரிசையின் மூன்றாம் படம் வெளியானபோது, பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் பார்க்கர் தலைமையில், ஏறத்தாழ இருபது நாடுகளில், பதினான்கு மொழிகளில், பார்வையாளர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கருத்துத் திரட்டினார்கள். ஏறக்குறைய 25,000 பேர் விடையளித்தார்கள். படத்திலிருந்து மிக ஆழ்ந்த இன்பம் பெற்றவர்களில் நூலைப் பலமுறை படித்தவர்கள் நிறையவே இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கு ரசனையைக் கெடுக்கவில்லை. அதுவே ரசனையின் ஒரு பகுதியாக இருந்தது. பத்தாண்டுகள் கழித்து 'ஹாபிட்' படங்களுக்காக அதே முறையில் நடந்த பெரிய ஆய்வில் 36,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். இம்முறை ஏமாற்றம் என்பதே ஆய்வாளர்கள் தனித்து எழுதும் பொருளாகிவிட்டது.

'ஹாபிட்' வரிசையில் நடந்தது அளவு பற்றிய சிக்கல். 1937-இல் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரே நூல், முதலில் இரண்டு படங்களாகத் திட்டமிடப்பட்டு, 2012-இல் மூன்றாக விரிக்கப்பட்டது. 2013-இல் வந்த இரண்டாம் படம், கடலில் எழும் அலைபோல் கதையை உயர்த்திக்கொண்டே போய், டிராகன் நகரத்தை நோக்கிப் பறக்கும் நொடியில் அறுந்து நின்றது. நூலில் இல்லாத டாரியல் என்ற பெண் வீரரைச் சேர்த்ததைப் பலர் வரவேற்றார்கள்; பெண் பாத்திரமே இல்லாத கதைக்கு அது தேவை என்றும் கருதினார்கள். அவளை ஒரு குள்ளனோடும் லெகோலஸ் என்ற எல்ஃப் வீரனோடும் காதல் முக்கோணத்தில் நிறுத்தியதை அவர்களே ஏற்கவில்லை. சேர்க்கையை வரவேற்ற அதே மனம், அந்தப் பாத்திரத்துக்குத் தரப்பட்ட காரணத்தை மறுத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியீட்டு நாள்களின் உணர்வுகள். காலம் செல்லச் செல்லத் தீர்ப்பு மாறுவதும் உண்டு. அல்போன்சோ குவாரோன் இயக்கி 2004-இல் வந்த 'ஹாரி பாட்டர் அண்ட் த பிரிசனர் ஆஃப் அஸ்கபான்', எட்டுப் படங்களில் மிகக் குறைவாக வசூலித்தது. நூலின் முக்கியமான ஒரு விளக்கத்தை அது விட்டுவிட்டது: பள்ளியின் மந்திர வரைபடத்தை உருவாக்கியவர்கள் ஹாரியின் தந்தையும் அவர் நண்பர்களும் என்பது படத்தில் சொல்லப்படுவதே இல்லை. ஏரிக்கரையில் ஒளிரும் கலைமான் வந்து நிற்கும்போது, அது ஏன் கலைமானாக இருக்கிறது என்பது நூலைப் படித்தவருக்கு மட்டுமே முழுமையாகப் புரியும். அன்று வாசகர்கள் இதற்காக வருந்தினார்கள். இன்றோ, அந்த வரிசையில் சிறந்தது எது என்று கேட்டால் விமர்சகர்களும் ரசிகர்களும் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். குவாரோன் பல செய்திகளைக் கைவிட்டார் என்றாலும், பதின்மூன்று வயதுச் சிறுவனின் தனிமையையும், தன்னைக் காத்தவர் தந்தை என்று நம்பிக் காத்திருந்து, கடைசியில் அது தானேதான் என்று உணரும் தருணத்தையும் அவர் கைவிடவில்லை. அந்தத் தருணத்தில் ஹாரி எடுக்கும் முடிவு நூலில் உள்ளதாகவே இருந்தது. விடுபட்ட விளக்கங்களை வாசகர்கள் நாளடைவில் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த உணர்வுகளை அளக்கும் கருவிகள் அவற்றைப் பெரும்பாலும் தட்டையாக்கிவிடுகின்றன. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் நிறுவனம் முதல் நாள் பார்வையாளரிடம் மதிப்பெழுத்துக் கேட்டு வாங்குகிறது. முதல் நாளே வருபவர்கள் ஆர்வம் மிகுந்தவர்கள் என்பதால் தொடர் படங்களுக்கு அந்த எழுத்து இயல்பாகவே உயர்ந்து நிற்கும். இணையத்தில் நிலைமை நேர்மாறு. படம் வரும் முன்பே தாக்கிப் பதிவிடும் வழக்கம் பெருகியதால், திரைப்பட விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் 2019-இல் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பகுதியை நீக்கி, நுழைவுச்சீட்டு வாங்கியதை உறுதிசெய்யும் முறையையும் கொண்டுவந்தது. எந்த முறையிலும், பீட்டரின் பிழைக்காக வருந்திய வாசகரும் பனிக்கால நார்னியாவைத் தேடி ஏமாந்த குடும்பமும் ஒரே சராசரி எண்ணாகவே பதிவாவார்கள்.

எதிர்ப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்வதும் எப்போதும் பயன் தருவதில்லை. ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நூலில் நாயகனுக்குப் பன்னிரண்டு வயது. 2010-இல் வந்த முதல் படம் அவனைப் பதினாறு வயதினனாக்கியது. வயதைக் கூட்டினால் இளம் வாசகர்கள் அந்நியப்பட்டுப் போவார்கள் என்று தயாரிப்பாளர்களை எச்சரித்து 2009-இலேயே எழுதிய மடல்களை ரியோர்டன் பின்னாளில் தாமே வெளியிட்டார். 2013-இன் இரண்டாம் படம், முதல் படம் விட்டுவிட்ட கிளாரிஸ் என்ற பாத்திரத்தையும் பெரிய முன்னறிவிப்பையும் கொண்டுவந்தது. நாயகனின் தோழி அன்னபெத்தின் கூந்தலைக்கூட நூலில் உள்ளபடி பொன்னிறமாக்கியது. கூந்தலைத் திருத்தியவர்கள், கதையின் உயிரான அந்த வயதைத் திருத்த வழியில்லை. வளர்ந்த இளைஞன் ஒருவன் செய்யும் அசட்டுத் துணிச்சல், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் துணிச்சல் ஆகாது. மூன்றாம் படம் எடுக்கப்படவில்லை. நூலாசிரியரின் நேரடிப் பங்களிப்போடும் சரியான வயதுச் சிறுவர்களோடும் அதே கதை 2023 டிசம்பரில் தொடராக வந்தபோது வாசகர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள்; வயது பற்றிய குறை தீர்ந்தது. அப்போதும் ஒரு முணுமுணுப்பு மிஞ்சியது. நூலில் சிறுவர்கள் ஒவ்வொரு பொறியிலும் அறியாமல் போய் மாட்டிக்கொண்டு, பயந்து, அறிவால் தப்புகிறார்கள். தொடரில் எதிரே இருப்பது யார், என்ன ஆபத்து என்பதைப் பல இடங்களில் முன்கூட்டியே கண்டுகொள்கிறார்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நூலில் உள்ளவையே. ஏமாறும் உரிமை மட்டும் அந்தச் சிறுவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது, வாசகர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள்.